பில்லியன்கள் எங்கே தங்குகின்றன?

ஜொகூரைப் பற்றி வணிகப் பக்கங்களில் வரும் செய்திகள் கொஞ்ச காலமாக ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கின்றன. முதலில் ஒரு நிறுவனத்தின் பெயர், அடுத்து ஒரு பில்லியன் கணக்கு, அதற்கடுத்து கூலாய், செடெனாக், இஸ்கண்டார் புத்ரி என ஓர் ஊர். 2023 டிசம்பரில் என்விடியாவும் மலேசியாவின் ஒய்டிஎல்லும் கைகோத்தபோது சொல்லப்பட்ட தொகை 20 பில்லியன் ரிங்கிட். 2024 ஜூனில் பைட்டான்ஸ் மலேசியாவில் 10 பில்லியன் ரிங்கிட் போடப்போவதாகவும், ஜொகூரில் உள்ள தன் தரவு மைய வசதிகளை விரிவாக்க இன்னும் ஒன்றரை பில்லியன் செலவழிக்கப் போவதாகவும் அறிவிப்பு வந்தது. அதே மாதம் கூலாயில் 123 ஏக்கர் நிலத்தை மைக்ரோசாப்ட் சுமார் 402 மில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அறிவிப்புகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

இந்தக் கணக்குகள் பொய்யானவை அல்ல. அவை எதை அளக்கின்றன என்பதுதான் கேள்வி. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையம் ஒன்றின் மொத்தச் செலவில் பெரும்பங்கு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் போவதில்லை; உள்ளே அடுக்கப்படும் சர்வர்களுக்கும் அவற்றில் உள்ள சில்லுகளுக்கும் போகிறது. சில்லின் வடிவமைப்பு அமெரிக்காவில், தயாரிப்பு தைவானில். விமானத்தில் வந்து இறங்கும் பெட்டிகளுக்கான பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. நாலைந்து ஆண்டில் அந்தச் சில்லு பழசாகிவிடும், புதியது வரும், அப்போது இன்னொரு பில்லியன் செய்தியாகும். இதில் ஜொகூரில் தங்குவது நிலத்தின் விலை, கட்டுமானக் கூலி, மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், மையத்தை இயக்குபவர்களின் சம்பளம் ஆகியவைதான். முதலீட்டுச் செய்திகளை இந்த ஐந்தை மட்டும் வைத்து வாசித்துப் பார்ப்பது என்று இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கதை ஜொகூரில் தொடங்கவில்லை. சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே தின்றுகொண்டிருந்த நிலையில், 2019-இல் அந்த அரசு புதிய மையங்களுக்கான அனுமதியை நிறுத்திவைத்தது. 2022-இல் தடையைத் தளர்த்தினாலும் கதவை முழுதாகத் திறக்கவில்லை. 2023 ஜூலையில் நான்கு விண்ணப்பங்களுக்குச் சேர்த்தே ஏறக்குறைய 80 மெகாவாட்தான் கொடுத்தார்கள். 80 மெகாவாட்டுக்கு அங்கே உலகப் பெரும் நிறுவனங்கள் வரிசையில் நின்றபோது, கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலம் இருந்தது, மின்சாரம் இருந்தது, தண்ணீர் இருந்தது, கேள்வி குறைவாக இருந்தது. 2021-இல் ஜொகூரில் இருந்த தரவு மையத் திறன் பத்து மெகாவாட் அளவுதான். மூன்றே ஆண்டில், கட்டியது, கட்டிக்கொண்டிருப்பது, திட்டத்தில் உள்ளது எல்லாம் சேர்த்து ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 1990 வாக்கில் சிங்கப்பூர், ஜொகூர், ரியாவ் வளர்ச்சி முக்கோணம் என்று பேசிய காலத்திலும் ஏற்பாடு இதேதான்: தலைமையகம் அங்கே, இடம் பிடிக்கும் வேலையும் தண்ணீர் குடிக்கும் வேலையும் இங்கே. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் இந்தப் பழைய வழக்கத்துக்கு 3,500 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பும் புதிய பெயரும் தந்திருக்கிறது.

நிலத்தில் தொடங்குவோம். 2021 இறுதியில் பூஸ்டெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் தன் கூலாய் யங் தோட்டத்தை ஒய்டிஎல் பவரின் துணை நிறுவனம் ஒன்றுக்கு விற்க ஒப்புக்கொண்டது. சுமார் 1,640 ஏக்கர், 428.8 மில்லியன் ரிங்கிட். சதுர அடி ஏறத்தாழ 6 ரிங்கிட். இரண்டரை ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில் மைக்ரோசாப்ட் கொடுத்த விலையைச் சதுர அடிக்கு வகுத்தால் 75 ரிங்கிட். இரண்டும் ஒரே மாதிரி நிலம் இல்லை. முன்னது செம்பனை நின்ற தோட்டக்காடு, பின்னது சாலையும் மின்தடமும் போட்ட தொழில்பேட்டை மனை. இருந்தாலும் 6-க்கும் 75-க்கும் இடையில் கிடக்கிற பணத்தைச் சாலையும் சாக்கடையும் மட்டும் தின்றுவிடவில்லை. தரவு மைய அலையில் உறுதியாக லாபம் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால், கையில் நிலம் வைத்திருந்தவர்கள் என்பதே என் பதில். செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவை நடத்தும் ஜேலேண்ட், மாநில அரசின் ஜொகூர் கார்ப்பரேஷனின் பிள்ளை; செடெனாக்கில் செம்பனை வளர்த்த கூலிம் நிறுவனமும் அதே குடும்பம். பயிரை மாற்றியவரும் பழைய நிலக்காரரே.

தோட்டம் என்றதும் நம்மவர்களுக்கு வேறு ஒரு கணக்கு நினைவுக்கு வரும். ஜொகூரின் பால்மரக் காடுகளில் நான்கு தலைமுறை வெட்டுக்கத்தி பிடித்தவர்கள் நாம். தோட்டம் கைமாறினால் வேலையோடு லயத்து வீடும் போகும் என்பது அங்கே எழுதாத சட்டம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதற்கு மாற்றாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உண்டாக்கினார். தொழிலாளியே சிறுகச் சிறுகப் பங்கு கட்டி, விற்பனைக்கு வரும் தோட்டத்தைச் சங்கத்தின் பெயரில் வாங்குவது அதன் திட்டம். அந்தச் சங்கத்தின் பிற்காலத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். கைமாறும் நிலத்தில் உழைத்தவனுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று ஒரு மந்திரி யோசித்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்; இன்றைய முதலீட்டு மாநாடுகளில் அந்த யோசனைக்கு நாற்காலி இல்லை.

'தோட்டம் இருந்தபோது எத்தனை பேர் பிழைத்தார்கள், இந்தப் பெட்டிக்கட்டடத்தில் எத்தனை பேருக்கு வேலை?' என்று மேடைகளில் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதாகத் தோன்றினாலும் கணக்கு ஒத்துழைக்க மறுக்கிறது. பால்மரத்தில் ஒரு வெட்டாளுக்கு எட்டுப் பத்து ஏக்கர். செம்பனையில் ஏறத்தாழ 10 ஹெக்டேருக்கு ஓர் ஆள். ஒய்டிஎல் கூலாயில் தரவு மையப் பூங்காவுக்கு ஒதுக்கிய 275 ஏக்கர் என்பது 111 ஹெக்டேர். அதில் பால்மரம் நின்றிருந்தால் முப்பது சொச்சம் பேர். செம்பனையாகவே விட்டிருந்தால் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களும் பெரும்பாலும் இந்தோனேசியர் அல்லது வங்காளதேசி. அதே இடத்தில் தரவு மையங்கள் முழுதாக இயங்கினால் சில நூறு பேருக்கு வேலை உண்டு. ஏக்கர் கணக்கில் பார்த்தால் தரவு மையம் தோட்டத்தை ஜெயித்துவிடுகிறது. அது தோற்பது மெகாவாட் கணக்கில். ஒரு மின்னணுத் தொழிற்சாலை தான் எடுக்கும் மின்சாரத்துக்கு ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்தது. செனாயிலும் தெப்ராவிலும் 1980-களின் இறுதியிலிருந்து கம்பெனி பேருந்தில் ஏறிப்போன தோட்டத்துப் பெண்களால் ஒரு தலைமுறையே படித்து மேலேறியது. தரவு மையம் அப்படிப்பட்ட முதலாளி இல்லை. ஆகவே 'எத்தனை வேலை' என்று மொட்டையாகக் கேட்பதைவிட, 'எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் எதைத் தருகிறாய்' என்று கேட்பதே சரி.

அந்த மெகாவாட் எவ்வளவு பெரியது? 100 மெகாவாட் மையம் ஒன்று ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் 876 மில்லியன் யூனிட் ஆகும். மாதம் 350 யூனிட் எரிக்கும் வீடு ஆண்டுக்கு 4,200 யூனிட் எடுக்கிறது. வகுத்துப் பாருங்கள்: இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள். ஜொகூரில் திட்டமிடப்படும் மையங்கள் பலவும் இந்த அளவைத் தொடுகின்றன, அல்லது தாண்டுகின்றன. இவ்வளவு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வெகுதூரம் போக வேண்டாம். பொந்தியான் மாவட்டத்தில் கடலோரம் இருக்கும் தஞ்சோங் பின் நிலையத்தில் 2,100 மெகாவாட், அதன் அருகே 2016-இல் வந்த இன்னொரு 1,000 மெகாவாட், இரண்டும் நிலக்கரி. தீபகற்பத்தின் மின்தடத்தில் நிலக்கரியும் எரிவாயுவும்தான் இன்னும் பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. 'பசுமைத் தரவு மையம்' என்ற பலகைகளின் பின்னால் சோலார் தகடுகள் இருப்பது உண்மை. ஆனால் நம் மேகமூட்ட வானத்தில் 100 மெகாவாட் சோலார் இரவையும் மழையையும் கழித்துச் சராசரியாகத் தருவது 15, 16 மெகாவாட்தான். சர்வருக்கு இரவு என்று ஒன்று கிடையாது.

மின்கட்டணத்தில் அரசு தூங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய கட்டண அமைப்பில் மிக உயர் அழுத்த மின்சாரம் எடுப்பவர்களுக்குத் தனிப் பிரிவு வந்தது. தரவு மையங்களின் செலவு ஏறியது. மின்சாரம் விற்கும் தெனாகா நேஷனலுக்கு இது நல்ல வியாபாரம். அந்த நிறுவனத்தின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று ஊழியர் சேமநிதி வாரியம் என்பதால், மாதச் சம்பளத்தில் இபிஎஃப் பிடிக்கப்படும் கூலாய்த் தொழிலாளிக்கும் இந்த வியாபாரத்தில் ஊசிமுனையளவு பங்கு உண்டு. சம்பந்தன் நினைத்த பங்கு இதுவல்லதான்.

சுமை அதிகமாக விழப்போவது தண்ணீரில். சர்வர் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைக் குளிர்விப்புக் கோபுரத்தில் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றுவது மலிவான வழி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோகும். அப்படியானால் 100 மெகாவாட் சூட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 36 லட்சம் லிட்டர். தலைக்கு 220 லிட்டர் என்று வைத்தால் 16 ஆயிரம் பேர் குளித்துச் சமைத்துத் துவைக்கும் தண்ணீர். வீட்டில் குளித்த தண்ணீராவது சாக்கடை வழியே ஆற்றுக்குத் திரும்புகிறது. இது வானத்துக்குப் போய்விடுகிறது. காற்றால் குளிர்விப்பது, மூடிய குழாய்ச் சுற்றில் அதே தண்ணீரைச் சுற்றவிடுவது போன்ற வழிகளும் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் மிச்சமாகும், மின்சாரம் கூடும்.

ஜொகூர் தண்ணீர் வற்றாத பூமி என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. 2015, 2016-இல் மாசாய், பாசீர் கூடாங் பக்கம் வாளி பிடித்து நின்றவர்களுக்கு அந்த நினைப்பு இருக்காது. 2016 அக்டோபரில் லிங்கியு அணையின் நீர்மட்டம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த அணை ஜொகூர் ஆற்றின் நீரோட்டத்தைத் தாங்குவது; 1962 உடன்படிக்கைப்படி 2061 வரை சிங்கப்பூர் நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ள உரிமை பெற்றதும் அதே ஆற்றில்தான். ஆயிரம் கேலனுக்கு 3 சென் என்ற அந்த விலையைப் பற்றி அறுபது ஆண்டாகப் புலம்புகிறோம். புலம்பும் கை ஒன்று, அதே ஆற்றைக் காட்டி முதலீட்டாளரை அழைக்கும் கை இன்னொன்று.

2025 ஆகஸ்டு முதல் ஜொகூரில் தரவு மையங்களுக்குத் தனித் தண்ணீர்க் கட்டணம் வந்தது: கன மீட்டருக்கு 5 ரிங்கிட் 33 சென். பாராட்டிய தலையங்கங்களையும் பார்த்தேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. காரணம் வெறும் கூட்டல் கழித்தல். மேலே சொன்ன 36 லட்சம் லிட்டருக்கு நாள் ஒன்றுக்கு 19 ஆயிரம் ரிங்கிட், ஆண்டுக்கு 7 மில்லியன் ரிங்கிட் ஆகும். அதே மையத்தின் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 45 சென் என்று தோராயமாகப் போட்டால் ஆண்டுக்கு 390 மில்லியனைத் தாண்டும். தண்ணீர் பில் மின்பில்லில் இரண்டு விழுக்காடு கூட இல்லை. தண்ணீரை மிச்சப்படுத்த மின்சாரத்தைக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்றால், இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த நிதி அதிகாரியும் தண்ணீரைத்தான் செலவழிக்கச் சொல்வார். கட்டணத்தை இரட்டிப்பாக்கினாலும் அதே கதைதான். விலை இங்கே வேலிக்கு ஆகாது. இவ்வளவுக்கு மேல் குடிநீர் இல்லை, மீதிக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்து வாங்கிக்கொள் என்ற அனுமதி நிபந்தனைதான் வேலி. சுத்திகரித்த கழிவுநீர்த் திட்டங்களைச் சில நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. அவற்றை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்குவது மாநிலத்தின் கையில் இருக்கிறது.

மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2024-இல் தரவு மைய விண்ணப்பங்களைச் சலித்தெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். ஏறக்குறைய 30 விழுக்காட்டை நிராகரித்ததாக அந்த ஆண்டு இறுதியில் சொன்னார்கள். 2025 நவம்பரில் ஆட்சிக்குழு உறுப்பினர் முகமட் ஜாஃப்னி, டியர் 1, டியர் 2 மையங்களுக்கு இனி அனுமதி இல்லை, அவை தண்ணீரை அதிகம் குடிக்கின்றன என்றார். நோக்கம் சரி, அளவுகோல்தான் இடறுகிறது. டியர் என்பது அப்டைம் இன்ஸ்டிடியூட் வகுத்த தரவரிசை. மின்சாரம் போனாலும் பழுது பார்த்தாலும் மையம் எவ்வளவு தடையில்லாமல் ஓடும் என்பதைத்தான் அது சொல்கிறது. டியர் 4 மையம் டியர் 2-ஐவிட அதிகத் தண்ணீர் குடிக்கவும் கூடும். குளிர்விப்பு முறையைப் பொறுத்தது. பெரிய நிறுவனங்கள் எப்படியும் டியர் 3-க்குக் குறைந்து கட்டுவது அரிது. ஆக, இந்த வடிகட்டியில் மாட்டப்போவது யார்?

மாநிலம் ஏன் நிலத்தைக் காட்டியே பேசுகிறது என்பதற்குக் கூட்டரசு அரசியலமைப்பில் விடை இருக்கிறது. நிலமும் தண்ணீரும் மாநிலத்தின் பட்டியலில். வருமான வரியும் நிறுவன வரியும் மின்சாரமும் புத்ராஜெயாவின் பட்டியலில். ஒரு தரவு மையம் இருபது ஆண்டு லாபம் ஈட்டினாலும் ஜொகூர் கஜானாவுக்கு நேராக வருவது நிலப் பிரீமியம், நிலவரி, ஊராட்சிக்கு மதிப்பீட்டு வரி, கொஞ்சம் தண்ணீர்க் காசு. நிலத்தை மாற்றிக் கொடுக்கும் நாளில்தான் மாநிலத்துக்குப் பெரிய வரவு, அதன் பிறகு சில்லறை. இந்த அமைப்பில் எந்த மந்திரி பெசாரும் அடுத்த நிலத்தைத்தான் தேடுவார். வரி வசூலில் ஒரு பங்கு ஜொகூருக்குத் திரும்ப வேண்டும் என்ற குரல் சில ஆண்டுகளாக உரக்கக் கேட்பதற்கும் இதுதான் அடித்தளம். மத்திய அரசோ மூலதனச் செலவை அடிப்படையாக வைத்து வரிச்சலுகை கொடுக்கும் திட்டங்களை வைத்திருக்கிறது. மூலதனச் செலவு பெருகப் பெருகச் சலுகையும் பெருகும். இறக்குமதிச் சில்லுக்கும் அதில் இடம் கொடுத்தால், வந்த வழியே போகும் பணத்துக்கு நாமே வழிச்செலவு கொடுத்து அனுப்புவதாகும்.

சில்லுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. 2025 மார்ச்சில் பெய்ஜிங்கிலிருந்து நான்கு பொறியாளர்கள் ஆளுக்கு 15 ஹார்டு டிஸ்க்குகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மலேசியாவுக்கு வந்திறங்கினார்கள் என்று வால் ஸ்திரீட் ஜர்னல் எழுதியது. அமெரிக்கா சீனாவுக்கு விற்க மறுக்கும் சில்லுகள் இங்குள்ள மையத்தில் வாடகைக்குக் கிடைத்தன. தரவைக் கையில் தூக்கி வந்து, மாதிரியைப் பயிற்றுவித்து எடுத்துப்போவது அவர்கள் திட்டம். சட்டப்படி அதில் எது குற்றம் என்று சொல்வதே கடினம். அமெரிக்கா 2025 ஜனவரியில் மலேசியா உட்படப் பல நாடுகளுக்குச் சில்லு உச்சவரம்பு போட்டது. மே மாதம் அதைத் திரும்பப் பெற்றது. ஜூலை 14-ஆம் நாள் மலேசிய வாணிப அமைச்சு, அமெரிக்கச் சில்லை மறு ஏற்றுமதி செய்யவோ இந்நாட்டு வழியாகக் கொண்டுபோகவோ உரிமம் வேண்டும், 30 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆறு மாதத்தில் மூன்று விதி. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்தை மாற்றினால் செடெனாக்கில் பாதி ரேக்குகள் காலியாகக் கிடக்கலாம் என்பதுதான் இதன் பொருள். வெளிநாட்டு வாங்குவோரை மட்டும் நம்பிக் கட்டியது எப்படி முடியும் என்பதற்கு நமக்குச் சான்று தேவையில்லை. ஏழு லட்சம் பேர் குடியேறுவார்கள் என்று தீவு தூர்த்துக் கட்டிய ஃபாரஸ்ட் சிட்டி இரண்டாம் இணைப்புப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், தரவு மையங்களே வேண்டாம் என்ற கட்சியில் என்னால் சேர முடியவில்லை. சிங்கப்பூர் தள்ளிவிட்ட குப்பை என்று பேசுவது சுலபம். ஆனால் அங்கே உயர் அழுத்த மின்சாரத்தையும் குளிர்விப்பு எந்திரத்தையும் இரவு பகலாகக் கவனிக்கும் வேலை நல்ல வேலை. மலேசியாவில் அதற்குச் சார்ஜ்மேன் சான்றிதழ் வேண்டும். எரிசக்தி ஆணையம் தேர்வு வைத்துக் கொடுப்பது. உயர் அழுத்தத்துக்கான பி வகைச் சான்று வைத்திருப்பவர் கிடைக்காமல் மையங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று ஆளைப் பிடுங்கும் நிலைமை. கூலாய், ஸ்கூடாய்ப் பையன்களோ விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தில் நிற்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தைக் காட்டி அவர்களை இங்கே நிறுத்த முடியாது. சார்ஜ்மேன் சம்பளத்தைக் காட்டினால் நிறுத்தலாம். கணக்கும் அறிவியலும் சுமாராக வந்த, ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சியில் எட்டும் வேலை அது. பட்டம் வேண்டாம், பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள ஒரு தரவு மையம் வேண்டும்.

அப்படிப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைப் பயிற்சி மையங்களோ சங்கங்களோ போடட்டும். அனுமதி கொடுக்கும் மேசையில் மாநிலத்துக்கு இருக்கும் பிடி நிலமும் தண்ணீரும். அந்தப் பிடியை வைத்துக் கேட்க வேண்டியது இதைத்தான்: 100 மெகாவாட்டுக்கு இத்தனை உள்ளூர்ப் பயிற்சியாளர், குடிநீரில் இவ்வளவுக்கு மேல் தொடக்கூடாது, கட்டுமான லோரி எந்தத் தாமான் வழியாக எத்தனை மணிக்குப் போகலாம். நிராகரித்த 30 விழுக்காட்டைப் பற்றிச் செய்தியாளர்களிடம் சொன்ன அதே குழு, அனுமதித்த ஒவ்வொரு மையமும் எத்தனை மெகாவாட் எடுக்கிறது, எந்தத் தண்ணீரை எத்தனை லிட்டர் குடிக்கிறது, எத்தனை ஜொகூர்க்காரரை வைத்திருக்கிறது என்று ஆண்டுக்கொருமுறை ஒரு பக்க அட்டவணை வெளியிட்டால் போதும். தெனாகாவின் மீட்டரிலும் தண்ணீர் நிறுவனத்தின் மீட்டரிலும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பதிவிலும் அந்த எண்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.